பாட்டிலைத் தொங்கவிட ஒரு மரம்

மாட்டுக்குச் சொட்டு மருந்து ஏற்றுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கழுத்து நரம்பைக் கண்டுபிடித்து ஊசியைச் செருகிவிட்டால் போதும், மிச்ச வேலையைப் பாட்டிலே பார்த்துக்கொள்ளும். டாக்டர் செய்ய வேண்டியதெல்லாம் பாட்டிலை உயரத்தில் மாட்டிவிட்டு மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். கொட்டகை விட்டத்தில் கயிறு கட்டி மாட்டலாம், முருங்கைக் கிளையில் மாட்டலாம், அதுவும் இல்லையென்றால் துணி காயப்போடும் கொடிக்கம்பி இருக்கவே இருக்கிறது. கீழச்சாலைக்காட்டில் அன்றைக்கு இதில் ஒன்றுகூட இல்லை. புயல் போய் மூன்றாம் நாள். தென்னை, மா, முருங்கை, கரண்டுக் கம்பம் என்று நட்டுக்குத்தலாக நின்ற எல்லாமே ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. ஊரில் இன்னும் நின்றுகொண்டிருந்தவர்கள் மனிதர்கள்தான், அவர்களிலும் பாதிப் பேர் குத்தவைத்திருந்தார்கள். ஆகவே டாக்டர் செண்பகவல்லி சேற்றில் முழங்காலிட்டு, வலது கையால் கால்சியம் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். இடது கை ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை மாட்டின் முன்னங்கால் சந்தில் அழுத்திக்கொண்டிருந்தது. எதிரே கால்நடை ஆய்வாளர் சவரிமுத்து மாட்டின் தலையைத் தன் தொடைமேல் போட்டுக்கொண்டு, ஊசி நழுவாமல் இரண்டு விரலால் பிடித்திருந்தார். மாட்டுக்காரர் வைரக்கண்ணு அவர்களுக்குப் பின்னால் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாய் அசைவது கடைக்கண்ணில் தெரிந்தது. காதில் மாட்டின் இதயம் மட்டும்தான் கேட்டது, லப், டப், நடுவில் கொஞ்சம் யோசனை, மறுபடி லப்.

பாட்டிலில் அளவுக் கோடுகள் இருந்தன. மருந்து முதல் கோட்டுக்கு இறங்க ஐந்து நிமிஷம், முழுப் பாட்டிலும் இறங்க அரைமணிக்கு மேல். அரைமணி நேரம் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பது என்ன பெரிய காரியம் என்று நினைப்பவர்கள் வீட்டில் ஒரு தண்ணீர்ச் செம்பைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். முதலில் மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோள்பட்டையில் ஏதோ ஒன்று, கல்லூரியில் அதன் பெயரைப் படித்திருக்கிறாள், இப்போது நினைவுக்கு வரவில்லை. மாட்டின் தோள்பட்டைத் தசை ஒவ்வொன்றின் பெயரும் தெரியும், தன்னுடையது தெரியாது. சவரிமுத்து, நான் பிடிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கால்சியம் ஏற்றும்போது பாட்டில் பிடிக்கிற கையும் இதயத்தைக் கேட்கிற காதும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக இறங்கினாலும் இதயம் நின்றுவிடும். "கால்சியத்துல அவசரப்பட்டா மாடு எந்திரிக்காது, நாமதான் எந்திரிச்சு ஓடணும்" என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். பத்து வருஷத்தில் எத்தனை பாட்டில் ஏற்றியிருப்பாள், நூறு இருக்குமா, இருநூறு இருக்குமா. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் ஏற்றினது எல்லாம் வேப்பமரத்தடியில்தான். பாட்டிலைக் கிளையில் மாட்டிவிட்டு டீ குடித்திருக்கிறாள். டீ. காலையிலிருந்து டீ குடிக்கவில்லை. காலையில் உப்பாற்றுமேட்டில் யாரோ டீ வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அங்கே ஒரு மாட்டுக்கு அந்தக் கடைசி ஊசி போட்ட பிறகு அவளுக்கு எதுவும் குடிக்கத் தோன்றவில்லை. சரி, அது முடிந்த விஷயம். இரண்டாம் கோடு.

அவர்கள் மொத்தம் பன்னிரண்டு குழு. வெவ்வேறு மாவட்டத்திலிருந்து கால்நடை டாக்டர்களைப் பிடித்து, ஆளுக்கொரு ஜீப்பும் ஒரு உள்ளூர் ஆய்வாளரும் கொடுத்துக் கடற்கரையோரம் அனுப்பியிருந்தார்கள். மூன்று நாளில் அவள் பார்த்தது ஆடுகள் எத்தனை, கோழிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஒரு கழுதை, தகரம் கிழித்த தொடை, ஓடு விழுந்த கொம்பு, உப்புத் தண்ணீர் குடித்து வயிறு ஊதிய எருமைகள். கை தானாக வேலை செய்யப் பழகியிருந்தது. ஜீப்பை விட்டு இறங்குவாள், பார்ப்பாள், போடுவாள், எழுதுவாள், ஏறுவாள். இந்த வைரக்கண்ணு மாடும் அப்படித்தான் ஆரம்பித்தது. அரைமணிக்கு முன்னால் ஜீப்பை மறித்து நின்றார். "டாக்டரம்மா, விடியக்காலம் கன்னு போட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. எட்டு மணிக்குப் படுத்தது, எந்திரிக்கவே மாட்டேங்குது. தலைய வயித்துப் பக்கமா திருப்பி வச்சுக்கிட்டு ஒரு மாதிரியா பாக்குது." பாதி சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறதே தவிர உடம்பு சில்லிட்டுத்தான் போகும். கன்று ஈன்றவுடன் பால் பெருகி இறங்கும்போது, ரத்தத்தில் இருக்கிற கால்சியம் எல்லாம் மடிக்குப் போய்விடும், தசை செத்த மாதிரி ஆகிவிடும், மாடு விழுந்துவிடும். ஒரு பாட்டில் ஏற்றினால் எழுந்து போய்ப் புல் தின்னும். இந்தத் தொழிலில் சாமி வந்து இறங்கின மாதிரி குணமாகிற வியாதி இது ஒன்றுதான். டாக்டர்களுக்குப் பிடித்த வியாதி. ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவளுக்கு மூன்று நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. காதைத் தொட்டாள், ஐஸ். குளம்பிடுக்கில் ஊசியால் குத்தினாள், கால் இழுக்கவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைக் கலப்பின மாடு அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் எங்கேயோ பார்த்தது. சாணி போடவில்லை, மூக்கு வறண்டு கிடந்தது. எல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. பாட்டிலை எடுங்க சவரி அண்ணே என்றாள்.

ஸ்டெதாஸ்கோப்பை ஒரு காதிலிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். காது வலித்தது, வேறு காரணம் இல்லை. அந்த இடுக்கு வழியாக வைரக்கண்ணு பேச்சு உள்ளே வந்தது. சவரிமுத்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எளங்கொடி கூட சுருக்கா விழுந்துருச்சுங்க. எடுத்து வைக்கல்ல சுத்தி சாக்குல கட்டி வச்சுருக்கேன். கட்டித் தொங்கவுடத்தான் எடமில்ல. பால் மரமாப் பாத்துக் கட்டணும்ல. நம்ம ஆலமரம் வேரோட சாஞ்சு குளத்துல கெடக்கு. அரசமரம் அந்தண்ட கெடக்கு. ரெண்டு ஊரு சுத்திட்டேன், ஒத்த மரம் நிக்கல. மண்ணுல பொதைக்க மனசு வரல, நாயி இழுத்துரும். மாட்டுக்குப் பால் வத்திப்போவும்பாங்க." சவரிமுத்து, "கீழ சாஞ்ச மரத்துலயே கட்டுங்களேன், மரம்தானே" என்றார். வைரக்கண்ணு, "அதுக்கு உசுரு இருக்கணும்லங்க" என்றார். செண்பகவல்லிக்கு இது தெரியாத விஷயம் இல்லை. அவள் ஊரிலும் கட்டுவார்கள். மாடு கன்று ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள், காக்காய் வந்து கொத்தும், பள்ளிக்கூடம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்று கணக்கு. டாக்டருக்குப் படித்தபின் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், அப்புறம் சிரிப்பதையும் விட்டுவிட்டாள், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு ஆலமரம் நின்றால்தானே கட்டுவார்கள், பாவம். ஆலமரம் நின்றால். காலையில் ஒரு ஆலமரம் பார்த்தோமே. உப்பாற்றுமேட்டில். விழுது ஊன்றி இருந்ததால் அது ஒன்றுதான் தப்பித்தது என்று ஜீப் டிரைவர்கூடச் சொன்னார். அதில் சாக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. காக்காய் கொத்திக்கொண்டிருந்தது.

புயலடித்த ஊரில் மரத்தில் தொங்குவதற்கு எந்த மரியாதையும் கிடையாது. அவள் மூன்று நாளாக மரங்களில் பார்த்தவை இவை: ஒரு புடவை முழுசாக, பாதி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பிளாஸ்டிக் குடம், பள்ளிக்கூடப் பை, ஒரு செத்த கோழி, யார் வீட்டுக் கூரையோ கீற்றுக் கீற்றாக. வேறு சமயமாக இருந்தால் எந்த டாக்டரும் அந்தச் சாக்கைப் பார்த்தவுடனே, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று கேட்டிருப்பார். நாலாம் வகுப்புப் படிக்கும்போதே அவள் கேட்டிருப்பாள். காலையில் பார்த்தாள், காற்று கொண்டுவந்து போட்ட குப்பை என்று கண் அதை ஒதுக்கிவிட்டது. காற்று முடிச்சுப் போடுமா. சாக்கு வாயைக் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றிக் கிளையில் கட்டி, கயிற்று நுனி கீழே தொங்கிக்கொண்டிருந்தது, இப்போது அந்த நுனிகூடத் தெரிகிறது. அந்த மரத்துக்கும், காலையில் ஊசி போட்ட மாட்டுக்காரி அஞ்சம்மாள் வீட்டுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கும், நாற்பது. அந்தப் பக்கம் வேறு வீடு இல்லை. வேறு வீடு இல்லையா? இருந்திருக்கும். விழுந்து கிடந்தவற்றில் எது வீடு எது கொட்டகை என்று யார் கண்டது. லப், டப். மூன்றாம் கோடு. பாட்டிலை ஒரு இஞ்ச் இறக்கி மறுபடி தூக்கிக்கொண்டாள்.

அஞ்சம்மாள் மாடு செவலை. இடிந்த சுவரின் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தது, இதைப் போலத் தலையைத் திருப்பிக்கொண்டு இல்லை, காலை நீட்டி, வயிறு ஊதி, கண் பாதி மூடி. முதுகின் பின்பக்கம் செங்கல் சிராய்த்த புண். சுற்றிலும் செங்கல். சுவர் விழுந்து இடுப்பு ஒடிந்த மாடு எப்படிக் கிடக்கும் என்று ஒரு படம் வரையச் சொன்னால் அப்படித்தான் வரைவார்கள். காதைத் தொட்டாள், ஐஸ். மூன்று நாளாக நனைந்து கிடக்கிற மாட்டுக்குக் காது ஐஸாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும். பின்னங்கால் குளம்பிடுக்கில் குத்தினாள், இழுக்கவில்லை. இடுப்பு மட்டும் ஒடிந்திருந்தால் முன்னங்கால் இழுக்கும், முன்னங்காலில் குத்தினாளா? குத்தினாள். குத்தினோமா? குத்தியிருப்பாள், எப்போதும் குத்துவாள். அஞ்சம்மாள் ஈரப் புடவையோடு நின்றாள், நாற்பது வயது இருக்கும், "நேத்து சாயந்தரத்துலேருந்து இப்புடித்தாம்மா கெடக்குது" என்றாள். நேற்றுச் சாயங்காலம். சுவர் விழுந்தது எப்போது? புயல் அடித்தது வியாழக்கிழமை ராத்திரி. ஊரில் உள்ள எல்லாச் சுவரும் அன்றைக்கு ராத்திரிதான் விழுந்தது. இன்று ஞாயிறு, நேற்று சனி. வியாழன் விழுந்த சுவரில் இடுப்பு ஒடிந்த மாடு சனி சாயங்காலம் வரை நின்றுகொண்டிருந்ததா? இந்தக் கணக்கைப் போட யாருக்காவது டாக்டர் பட்டம் வேண்டுமா? அவள் போடவில்லை. இந்த மாடு பிழைக்காதும்மா, முதுகெலும்பு போயிருச்சு, நோவோட கெடக்க வேண்டாம், ஒரு ஊசி போட்டுரலாமா என்று கேட்டாள். அஞ்சம்மாள் மாட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், "நீங்க சொன்னா சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. குனிந்து மாட்டின் மடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நெற்றியை அல்ல, காலை அல்ல, மடியை. மடி எப்படி இருந்தது? பெரிதாக இருந்தது. இல்லை, வயிறு ஊதினால் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும். பத்து மணிக்கெல்லாம் குழி தோண்டும் வண்டி வந்து புதைத்து, மேலே பிளீச்சிங் பவுடரும் போட்டாயிற்று. தோண்டி எடுத்து முதுகெலும்பைப் பார்க்கலாம் என்றால் அதுவும் இல்லை.

கேட்டிருக்கலாம். எத்தனை மாசம், சினையா, கறவையா, கன்று போட்டதா. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் வாசலில் மாடு வரும்போதே வாய் தானாகக் கேட்கும், பாதி நேரம் பதிலைக் காதில்கூட வாங்கமாட்டாள், ஆனால் கேட்டுவிடுவாள். ஏனென்றால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, கட்டத்தை நிரப்ப வேண்டும். இங்கே அந்தக் கட்டம் இல்லை. ஏன் இல்லை? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு குழுவும் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பேசியபோது ஒருத்தி எழுந்து, சார், இந்தப் படிவம் ரெண்டு பக்கம் இருக்கு, ஒரு மாட்டுக்குப் பத்து நிமிஷம் எழுத்துலயே போகுது, புயல்ல அடிபட்ட மாட்டுக்கு ஈத்துக் கணக்கெல்லாம் எதுக்கு, காயம் இருக்கா, எந்திரிக்குதா, என்ன மருந்து, இவ்வளவு போதாதா என்று கேட்டாள். எல்லாரும் கைதட்டாத குறை. அந்த ஒருத்தி இப்போது பாட்டில் பிடித்துக்கொண்டு சேற்றில் முழங்காலிட்டிருக்கிறாள். சரியான யோசனைதான். அதனால் ஒரு நாளைக்குப் பதினைந்து மாடு கூடுதலாகப் பார்த்தார்கள், அவற்றில் பிழைத்தவை எத்தனை, பத்துக்குக் குறையாது. பத்துக்கு ஒன்று. இப்படி ஒரு கணக்குப் போடத் தனக்கு எப்படி மனசு வந்தது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இல்லை, அது முதுகெலும்புதான். ஒருக்களித்து நீட்டிக் கிடந்ததே, இது உட்கார்ந்த வாக்கில் அல்லவா இருக்கிறது. ஆனால் இதையே இன்னும் பத்து மணி நேரம் விட்டால் இதுவும் ஒருக்களித்து நீட்டித்தான் கிடக்கும், வயிறு ஊதும், கண் பாதி மூடும். அதற்குக் கடைசிக் கட்டம் என்று பெயர். பரீட்சையில் எழுதி எட்டு மார்க் வாங்கியிருக்கிறாள். கடைசிக் கட்டத்தில்கூட ஒரு பாட்டில் ஏற்றினால் எழுந்துவிடும், முக்கால்வாசி எழுந்துவிடும்.

இந்த மாடு எழுந்துவிட்டால்? அந்தக் கேள்விதான் நடுவில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றது. அந்த மாட்டுக்கு இருந்த குறிகள்தான் இதற்கும், ஐஸ் காது, குத்தினால் இழுக்காத கால், வறண்ட மூக்கு. இது எழுந்துவிட்டால் அதுவும் எழுந்திருக்கும். எழாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை, புயலில் எத்தனையோ மாடு போகிறது, இதுவும் போயிற்று, அதுவும் போயிற்று, யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எழாமல் இருந்தால் நன்றாயிருக்கும். அவள் அப்படி நினைத்தாள். முழு வாக்கியமாக, தெளிவாக நினைத்தாள். எதிரே ஒரு மனுஷன் இரண்டு ஊர் சுற்றி மரம் தேடியிருக்கிறார், அவர் மாடு எழாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று மாட்டு டாக்டர் நினைக்கிறாள். அந்த நேரம் காதுக்குள் லப் என்றது, டப் வரவில்லை. வரவேயில்லை. பிறகு இரண்டு டப் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை மேலே போயிருந்தது, முழங்கை நீண்டு, பாட்டில் எவ்வளவு உயரம் போக முடியுமோ அவ்வளவு உயரத்தில் இருந்தது, சொட்டு சொட்டாக விழ வேண்டியது கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. வலியில் தூக்கினாளா, வேறு எதிலாவது தூக்கினாளா, அதை அவள் பிறகும் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள், விடை கிடைக்கவில்லை. "டாக்டரம்மா!" என்று சவரிமுத்து கத்தியது ஒரு காதில் கேட்டது. பாட்டிலை நெஞ்சுக்கு இறக்கினாள், குழாயை மடக்கிப் பிடித்தாள். லப். ஒன்று, இரண்டு, மூன்று. டப். ஒன்று, இரண்டு. லப். போகாதே. இப்போது அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, போகாதே, போகாதே என்று மட்டும்தான் தோன்றியது. வாயைத் திறந்துகூடச் சொல்லியிருப்பாள் போல, வைரக்கண்ணு பேச்சை நிறுத்திவிட்டார். லப், டப். லப், டப். யோசனை இல்லாமல் வந்தது. குழாயை விட்டாள், ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. பாட்டிலைத் தோளுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, கண்ணை அதிலிருந்து எடுக்கவேயில்லை.

பாதிப் பாட்டில் போனபிறகு மிச்சத்தைத் தோலுக்கடியில் ஏற்றிவிட்டு ஊசியை உருவினாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தன, எந்தப் பரீட்சையில் கேட்டாலும் வரிசை மாறாமல் எழுதக்கூடியவை. முதலில் விலாவில் ஒரு நடுக்கம், ஈ உட்கார்ந்தால் தோல் சிலிர்க்குமே அப்படி, பிறகு தொடை முழுக்க. வறண்டு கிடந்த மூக்கில் முத்து முத்தாக வியர்த்தது. ஒரு பெரிய ஏப்பம் விட்டது, சவரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்பாடி, வாசனையப் பாரு" என்று சிரித்தார். வாலைத் தூக்கி, நாலு மணி நேரமாக உள்ளே வைத்திருந்த சாணியைப் போட்டது. வைரக்கண்ணு அந்தச் சாணியைப் பார்த்து, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவர்கள் கன்றை அவிழ்த்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார்கள். மாடு கன்றைப் பார்த்தது, முதல் தடவையாக எதையோ பார்க்கிற மாதிரி பார்த்தது. பின்பக்கத்தைத் தூக்கியது, விழுந்தது, மறுபடி தூக்கியது, சவரிமுத்து வாலைப் பிடித்துத் தாங்கினார், முன்னங்காலை ஊன்றி நின்றுவிட்டது. ஊரில் நட்டுக்குத்தலாக இன்னொன்று. வைரக்கண்ணு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்தார், தன் காலில் விழப்போகிறார் என்று தெரிந்து அவள் எழுந்து நகர்ந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மாடு எழுந்து நிற்கும்போது பத்து வருஷமாக வருகிற அந்தச் சந்தோஷம் இப்போதும் வந்தது, வந்த கையோடு அந்தச் செவலையும் வந்தது.

ஜீப்புக்கு நடக்கும்போது, "சவரி அண்ணே, காலையில அந்த ஆலமரத்துல ஒரு சாக்கு தொங்குச்சே, பாத்தீங்களா?" என்றாள். முப்பது வருஷம் இந்தக் கடற்கரையில் மாடு பார்த்தவர், அவருக்கு விளக்கம் தேவையில்லை. "பாத்தேன். கீத்துன்னு நெனச்சேன்" என்றார். இன்னும் நாலு அடி நடந்து, "அது வேறம்மா. அங்க செவுரு விழுந்து கெடந்துச்சு. நீங்க மனசப் போட்டு ஒளப்பிக்காதீங்க. இன்னும் நாலு ஊரு கெடக்கு" என்றார். நல்ல மனிதர். அவர் கொடுத்தது ஒரு கதவு, அவள் நுழைந்து சாத்திக்கொண்டால் போதும். அடுத்த ஊரில் எட்டு எருமை காத்திருந்தது உண்மைதான். உப்பாற்றுமேட்டுக்குத் திரும்பிப் போனால் போக வர ஒன்றரை மணி நேரம், மரம் வெட்டி வழி விடும் வரை நிற்க வேண்டும், எட்டு எருமையை விட்டுவிட்டுப் புதைத்த இடத்தைப் பார்க்கப் போவது எந்த ஊர் நியாயம். போக வேண்டாம். ஆனால் கேட்கலாம். கேட்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகாது. காலையில் கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். பையிலிருந்து படிவக் கட்டை எடுத்தாள். அஞ்சம்மாளின் கைநாட்டு, கீழே அவள் மகள் எழுதின செல்போன் எண். அதற்கு மேலே காயம் என்ற கட்டத்தில், முதுகெலும்பு முறிவு என்று அவள் கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

சாலை வளைவில் வாய்க்கால் மதகுமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் ஒரு கோடு காட்டும் என்று வைரக்கண்ணு சொல்லியிருந்தார். ஏறி நின்றாள். போன் எடுக்காது, சார்ஜ் இருக்காது, டவர் இருக்காது. எடுக்காமல் இருந்தால் நன்றாயிருக்கும். இப்போதும் அதையேதான் நினைத்தாள், சற்று முன்பு நினைத்ததற்கு இதுவரை யாரும் தண்டிக்கவில்லை என்பதால் இருக்கலாம். நாலாவது மணியில் எடுத்துவிட்டார்கள். பின்னால் ஜெனரேட்டர் சத்தம். "யாரு?" "காலையில வந்த மாட்டு டாக்டர்மா." "சொல்லுங்கம்மா, அஞ்சம்மாதான் பேசுறேன். செல்லுக்கு சார்ஜ் போட வந்தேன்." செண்பகவல்லி சுற்றி வளைக்கவில்லை, வளைத்தால் கேட்காமல் விட்டுவிடுவோம் என்று தெரியும். "உங்க மாடு கன்னு போட்டிருந்துச்சாம்மா?" "ஆமாம்மா, நேத்து விடியக்காலம். கெடேரிக் கன்னு. எதுத்த மாடி வூட்டுல கட்டி வச்சிருக்கோம், மழையில நனைய வேணாம்னு. காலைலயே ஒங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன், அந்த நேரத்துல வாயி வரல. கஞ்சித் தண்ணி ஊத்துனா துப்பிடுது. என்னத்தக் குடுக்கட்டும்மா அதுக்கு?" மதகுக்குக் கீழே தண்ணீர் சேறாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் பதில் சொன்னாள். குரல் கொஞ்சமும் மாறாமல், டாக்டர் குரலில் சொன்னாள். "கஞ்சி வேண்டாம். பக்கத்துல யாரு மாடாவது கறந்தா அந்தப் பாலக் கைச்சூட்டுல வச்சுக் குடுங்க. ஒரேயடியா ஊத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு நாலு தடவ. வெரலப் பால்ல நனைச்சு வாயில வைங்க, சப்பிப் பழகிரும். சாக்குல போத்தி வைங்க." அஞ்சம்மாள் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள், நாலு தடவை என்பதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "இதுக்குன்னு ஞாபகம் வச்சுக் கூப்புட்டீங்க பாருங்க. நல்லாருப்பீங்கம்மா. வச்சுடட்டுமா?" என்றாள்.

வைத்துவிடலாம். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, தெரிய வேண்டியது தெரிந்தாயிற்று, கன்றுக்கு வழி சொல்லியாயிற்று. குழி மூடிக் கிடக்கிறது, படிவத்தில் முதுகெலும்பு என்று இருக்கிறது, அந்த வீட்டில் அவளை வாழ்த்துகிறார்கள். சொன்னால் மாடு திரும்பி வராது, இருக்கிற ஒரு ஆறுதலும் அந்த அம்மாளுக்குப் போய்விடும், சொல்வது யாருடைய நிம்மதிக்காக என்று ஒரு கேள்வி இருக்கிறது, நியாயமான கேள்விதான். ஆனால் சொல்லாவிட்டால், அடுத்த தடவை மாடு கன்று போட்டுப் படுத்தாலும் அஞ்சம்மாள் சுவரைத்தான் பார்ப்பாள், வேறு ஒரு டாக்டர் வந்து கேட்டால், முதுகு ஒடிந்த மாடு இப்படித்தான் கிடந்தது என்று அவளே சொல்லிக் கொடுப்பாள். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். சவரிமுத்து அவரைக் கையமர்த்தினார்.

"வச்சிராதீங்கம்மா" என்றாள் செண்பகவல்லி. "காலையில நான் இதக் கேட்டிருந்தா உங்க மாடு எந்திரிச்சிருக்கும்."